சேர்வராயன் மலையை மேற்கே நகர்த்திய செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஏற்காட்டில் கொடிய மலபார் குழிவிரியன்’ என்று சென்ற ஞாயிறு சேலம் பதிப்பில் போட்டிருந்தீர்கள். சேர்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலை என்பது தாங்கள் அறியாததா? மலபார் குழிவிரியனுக்கு மேற்கு மலைதான் ஊர் என்பதால், பாம்புக்காக மலையையே நகர்த்திவிட்டீர்கள் போலும். படத்தில் இருப்பதோ அதுவும் அல்ல. வால் நெடுகச் செங்கல் நிறம், வெளுத்த உதடு. தாய்லாந்து, ஹாங்காங் பக்கத்துப் பாம்பு. எந்தப் பேருந்தில் ஏற்காடு வந்ததென்று தங்கள் நிருபர்தான் சொல்ல வேண்டும்.

இங்குள்ள பச்சை விரியனின் பெயர் மூங்கில் குழிவிரியன். கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே ஒரு குழி. இருட்டிலும் எலியின் உடற்சூட்டை அதை வைத்தே அறியும். கண்மணி செங்குத்துக் கீற்று. கழுத்து ஒடுங்கி, தலை முக்கோணமாக இருக்கும். உச்சந்தலையில் குருணையாய்ச் சிறு செதில்கள். இதேபோல் பச்சையாக இருக்கும் கண்கொத்திப் பாம்புக்கோ கூர்மூக்கு, படுக்கைவாட்டில் கண்மணி, தலைமேல் ஓடு பதித்ததுபோல் பெரிய செதில்கள். கண்கொத்தியால் மனிதருக்கு ஆபத்தில்லை. தங்கள் படத்தை நம்பி அடித்துக் கொல்லப்போவது இந்த அப்பாவியைத்தான்.

முன்பு கொம்பேறி மூக்கன் சுடுகாட்டில் புகை பார்ப்பதாக எழுதினீர்கள். கோடை வந்தால் ‘சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைந்தன’. ஐயா, அவை மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண் சாரைகள்!

இவற்றையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ‘உடனே விஷமுறிவு ஊசி போட்டால் போதும்’ என்ற பெட்டிச் செய்தியை அப்படி விட முடியாது. நம் நாட்டு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்காகத் தயாராவது. குழிவிரியன் அதில் சேர்த்தி இல்லை. இதன் கடியில் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும், சாவு அரிது. ஆனாலும் இரத்தம் உறையும் தன்மை கெடலாம். அதனால்தான் மருத்துவர் 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். பிளாஸ்டிக் குழாயோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ ஆனால் நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். இதைச் சொல்லாமல் ‘ஊசி போட்டால் போதும்’ என்று எழுதினால், கடிபட்டவரின் சொந்தக்காரர்கள் மருத்துவரிடம் சண்டைக்குத்தான் நிற்பார்கள். துண்டால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, மோதிரம் வளையலைக் கழற்று, கையை அசைக்காமல் மலையிறங்கு என்று ஒரு வரி போடவும் தங்களுக்கு இடமில்லை. நகைக்கடை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்தது.

காப்பித் தோட்டத்தில் இந்தக் குழிவிரியன் நெஞ்சுயரக் கிளையில் பகல் முழுக்க அசையாமல் கிடக்கும். இலைக்குள் கைவிடும் முன் செடியைக் குச்சியால் தட்டிக்கொள்ள வேண்டும்.

பெரிய மறுப்பெல்லாம் கேட்கவில்லை. பழம் பறிப்பு தொடங்கும் முன், தலையைப் பக்கவாட்டில் எடுத்த சரியான படம் ஒன்றை, குழிக்கு அம்புக்குறியிட்டு, அதே பக்கத்தில் வெளியிடுங்கள். தயவுசெய்து வண்ணத்தில்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஏற்காடு