பாதைத் திட்டம்: ஞாயிறு காலை நடந்து பார்ப்போம்

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் புறநகரின் சைக்கிள் பாதை, நடைபாதை வரைவுத் திட்டத்துக்குக் கருத்து எழுதும் முன், ஞாயிறு காலை 6.30 மணிக்கு ரயில் நிலைய வாசலில் கூடுவோம். வரைபடத்தில் கோடு தொடர்ந்து ஓடுகிறது. தரையில் அது எங்கே அறுந்துபோகிறது என்பது நடந்தால்தான் தெரியும்.

அளவு நாடா கொண்டுவாருங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். மின்கம்பமும் மரமும் போக மிஞ்சும் அகலத்தை மட்டும் குறியுங்கள்.

சந்திப்புகளில் கூடுதல் நேரம் நிற்போம். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு பல இடங்களில் நொடிக்கு 1.2 மீட்டர் என்ற நடை வேகத்தில் கணக்கிடப்படுகிறது. அந்த வேகத்தில் 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 நொடி. மீதி 5 நொடி அவர் வாகனங்களுக்கு நடுவே நிற்கிறார். இதில் நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது: விளக்கு நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லையேல் சாலை நடுவே ஒதுங்கி நிற்கத் திட்டு அமைக்க வேண்டும்.

சைக்கிளுக்கு வெறும் வெள்ளைக் கோடு போட்டால் அது கார் நிறுத்துமிடமாகிவிடும். பெரிய சாலைகளில் உயர்த்திய தடுப்பு கேட்போம். வீட்டுத் தெருக்களில் தனிப்பாதை அவசியமில்லை; வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் அடங்கினால் போதும்.

பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நிறுத்திய கார்களுக்குப் பின்னால் அவர்களுக்குச் சாலையே தெரிவதில்லை.

வர இயலாதவர்கள் உங்கள் தெருவின் படத்தை இடப்பெயருடன் சனிக்கிழமை இரவுக்குள் இங்கே பதியுங்கள்.