ஸ்காட்லாந்து மலைமேல் நம்ம ஊர்க் கோட்டை வாசல்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கே மூவரும் சௌக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டதில் நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது, அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா, நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நான் பார்த்துவிட்டு வந்தேன். இங்கே ஸ்காட்லாந்தின் வடக்கே, ஒரு மலை உச்சியில் நிற்கிறது. சிரிக்காதீர்கள், முழுதும் படியுங்கள்.

ஜூன் முதல் வாரம் ஐந்து நாள் லீவு கிடைத்தது. ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரிக்கரை வழியாக வடக்கே கிளம்பினோம். உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு குட்டி ஃபிரிட்ஜ், மடித்தால் சோபா, விரித்தால் கட்டில். அம்மா பார்த்தால் சர்க்கஸ்காரன் வண்டி என்பாள். முதல் ராத்திரியே தண்ணீர் பம்ப் படுத்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் ஃபியூஸைப் பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள் என்று அதையே சொன்னார்கள், ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. மிச்ச நாளெல்லாம் கேனில் பிடித்து வந்து சொம்பால் மொண்டுதான் புழங்கினோம். நம் வீட்டில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் பழகினது வீண்போகவில்லை. கக்கூஸ் பெட்டியைக் காலி செய்வது மாப்பிள்ளை பொறுப்பு, அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

இங்கே ஒரு நல்ல சட்டம் உண்டு. பெரும்பாலான இடங்களில், யாருடைய நிலமானாலும் பயிரையும் வேலியையும் கெடுக்காமல் நடந்து போகலாம், சின்னக் கூடாரம் கூடப் போட்டுத் தூங்கலாம். ஆனால் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. அதனால் ராத்திரிக்கு ராத்திரி காசு கட்டி கேம்பிங் இடத்தில்தான் நிறுத்தினோம். பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை, பாப்பா தூங்க மாட்டேன் என்று ஒரே அடம். மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கொசுவில் கால்வாசி கூட இருக்காது, கூட்டமாக வந்து காது மடலைத்தான் பிடுங்கும்.

கிளென்கோ பள்ளத்தாக்கில் முதல் நாள். இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக இறங்குகிறது, நடுவில் ரோடு. 1692 பிப்ரவரியில் இங்கே மெக்டொனால்டு குலத்தார் வீடுகளில் அரசாங்கச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் விருந்தாளியாகத் தங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு 13-ஆம் தேதி விடியுமுன் எழுந்து, சோறு போட்டவர்களையே கொன்றிருக்கிறார்கள், 38 பேர் என்கிறார்கள். பனியில் தப்பி ஓடிக் குளிரில் செத்தவர்கள் தனி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று ஆச்சி சொல்வாளே, அதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் பென் நெவிஸ். 1345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. கொடைக்கானலே 2100 மீட்டர், இது என்ன பெரிசு என்று நானும் நினைத்தேன். ஆனால் கொடைக்கானலுக்கு பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது, இங்கே கடல் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து அத்தனையும் காலால் ஏற வேண்டும். பாதி வழியில் ஒரு ஏரி. அங்கேயே நானும் பாப்பாவும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டோம். மாப்பிள்ளை மட்டும் உச்சிக்குப் போய்விட்டு வந்து, மேலே மூடுபனியும் ஒரு இடிந்த சுவரும்தான் இருந்தது என்றார். அது வானிலை ஆய்வுக்கூடம், 1883 முதல் 1904 வரை ஆட்கள் அங்கேயே குடியிருந்து மணிக்கு மணி காற்றையும் மழையையும் குறித்திருக்கிறார்கள்.

கல்லோடன் போர்க்களத்தில் அதிக நேரம் நிற்கவில்லை, நல்ல மழை. 1746-இல் மலைநாட்டுக் குலத்தாருக்கும் அரசாங்கப் படைக்கும் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த சண்டை. புதைத்த மேடுகளில் குலப்பெயர் செதுக்கிய கல், அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர் வாசல். என் வார்டில் அல்னெஸ் ஊர்க்கார நர்ஸ் ஒருத்தி, சீனியர். நீ எந்த ஊர் என்று கேட்டாள். வெள்ளைக்காரன் பழைய மேப்பில் போட்ட மாதிரி நெகபட்டம் என்று எழுதிக் காட்டினேன். அடியே, அந்த ஊர் வாசல் எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது என்று கையைப் பிடித்துக்கொண்டாள்!

ஃபைரிஷ் மலை, 453 மீட்டர். பைன் காட்டு வழியே ஒன்றரை மணி நேர ஏற்றம், பாப்பாவே நடந்துவிட்டாள். உச்சியில் கறுத்த கல்லில் நடுவே மூன்று வளைவு, இரண்டு பக்கமும் தனித்தனித் தூண்கள். கட்டியவர் ஹெக்டர் மன்றோ. நம் சென்னைக் குதிரைச் சிலை மன்றோ வேறே. இங்கே 3000 அடிக்கு மேற்பட்ட மலைக்கெல்லாம் மன்றோ என்றே பெயர், அது இன்னொரு மன்றோவால் வந்தது. நம்ம ஆள் ஹெக்டர், 1764-இல் கலகம் செய்த சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர். 1780-இல் காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூரில் ஹைதர் அலி படை கம்பெனிப் படை ஒன்றை நொறுக்கியபோது, உதவிக்குப் போகாமல் சென்னைக்குத் திரும்பியவர். அடுத்த வருஷமே நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்தார். அந்த வெற்றிக்குத்தான் கோட்டை வாசலை நினைவில் வைத்து இதைக் கட்டினாராம்.

ஊரில் பஞ்சம், ஏழைகளுக்குக் கூலி கொடுக்கத்தான் கட்டினார் என்கிறார்கள். கூலி நாள் கூடட்டும் என்று மேலே ஏற்றிய கல்லை அவரே கீழே உருட்டிவிட்டு, மறுபடி தூக்கச் சொன்னார் என்றும் ஒரு கதை. மாப்பிள்ளை, அட, நூறு நாள் வேலை என்றார். எனக்கென்னவோ அந்த ஆளை மெச்ச மனசு வரவில்லை. ஆனாலும் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம், பச்சைப் பாசி. வளைவு வழியே பார்த்தால் கீழே கடல் கழி, அதில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகள் வரிசையாக நிற்கின்றன. நரிமணம் பக்கம் பஸ்ஸில் போன மாதிரி இருந்தது.

அப்பா, நிஜ வாசல் நம் ஊரில் எந்த இடத்தில் இருந்திருக்கும்? கலங்கரை விளக்கம் பக்கமா, பழைய துறைமுகம் பக்கமா? லைப்ரரியில் கேட்டுப் பாருங்கள். போட்டோ எல்லாம் வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அந்த நர்ஸுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அம்மா, நெத்திலிக் கருவாடு தீர்ந்துவிட்டது. வேனில் வறுத்த வாடை போக மூன்று நாள் கதவைத் திறந்துவைத்தோம், ஆனாலும் அனுப்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள்