துர்வாசருக்கு 48

அன்புள்ள மொட்டை,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம், பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. எழுத வந்த விஷயம் வேறு.

போன ஏகாதசிக்கு விரதம் இருந்தேன். காலையில் பச்சைத் தண்ணீர்தான், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் கடமை தவறாமல் போட்டுக்கொண்டேன். பதினொரு மணி வாக்கில், குடையைக் காணோம் என்று கமலாவைப் பிடித்துக் கத்தியிருக்கிறேன். குடை என் கையிலேயே இருந்ததாம்! எனக்குச் சுத்தமாக நினைவில்லை. எனக்குத் துர்வாசர் என்று பேர் வைத்தாயே பாவி, அன்றைக்கு அந்தப் பேர்தான் என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தது. வழக்கமான கோபம்தானே என்று அவள் பாட்டுக்கு அடுக்களைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. விரலில் குத்திப் பார்த்தால் 48. 70க்குக் கீழே போனாலே தாழ்வு, 54க்குக் கீழே ஆபத்து.

மூன்று ஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து 51. மாடி வீட்டுப் பையன் ஓடிப்போய் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வந்தான். அதைக் குடித்த பிறகுதான் 92.

ஏன் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மாத்திரை ஒன்றுக்குள் மூன்று மருந்து. கிளிமிபிரைடு, நாம் பட்டினி கிடந்தாலும் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். மெட்ஃபார்மின் சாது. வோக்லிபோஸ் இருக்கிறதே, அது குடலில் சீனியைச் சட்டென்று உடையவிடாது. சீனி உடைந்தால்தானே ரத்தத்தில் சேரும்? குளுக்கோஸுக்கு அந்த உடைக்கிற வேலையே இல்லை. மூன்று வருஷமாக விழுங்குகிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை. ஏறிய பிறகும் சாப்பிடச் சொல்லி, சாயங்காலம் வரை அடிக்கடி குத்திப் பார்க்கச் சொன்னார். அந்தக் கிளிமிபிரைடு லேசில் அடங்காதாம். இப்போது அளவைக் குறைத்திருக்கிறார்.

மொட்டை, இனி விளையாட்டு இல்லை. நீ இன்சுலின் போடுகிறாய், பிரஷருக்கு அட்டெனலால் வேறு. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடுமாம். வியர்வையை மறைக்காதாம். நீயோ விடிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றோடு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுகிற ஆள். நடந்தால் வேர்க்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுவாய். "எனக்கு எப்பவும் 80தான்" என்று பீற்றிக்கொள்கிறாயே, அதைக் கேட்டாலே இப்போது எனக்குப் பகீரென்கிறது. சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள். டாக்டரிடம் இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துச் சொல்லிக் கேள். தங்கச்சியிடமும் சொல்லி வை: நீ நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

கமலா இப்போதெல்லாம் நான் குரலை உயர்த்தினால் மீட்டரோடு வந்து நிற்கிறாள். நேற்று காபி ஆறிப்போனதற்குக் கத்தினேன். விரலைப் பிடித்துக் குத்தினாள். 136. "இது அசல்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், ராத்திரி வரை பேசவில்லை.

துர்வாசன்