எங்களைப் பிரித்து அமர்த்தும் ஆணையைத் திரும்பப் பெறுங்கள்: மருத்துவமனை நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையாருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் எல்லா வார்டுகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைக் குறித்து இந்த மடலை எழுதுகிறேன். அதன் பின்னணி தங்களுக்குத் தெரிந்ததுதான். தாமதமாக வந்த ஒரு செவிலியருக்காக அவருடைய தோழி வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். அது தவறு, அதற்கு நான் நியாயம் கற்பிக்க வரவில்லை. ஆனால் இருவர் செய்த அந்தத் தவற்றுக்காக, ஒரே வார்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து பணியாற்றிய அனைவரையும் பிரித்து, மற்றவர்களையும் சேர்த்து மாதந்தோறும் வார்டு மாற்றி, உணவு இடைவேளையைக்கூட ஒருவருக்கொருவர் பொருந்தாத நேரங்களில் வைத்து, "பணியிடத்தில் தனிப்பட்ட நெருக்கம் ஒழுங்கைக் குலைக்கிறது" என்று காரணமும் எழுதிவிட்டீர்கள். அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கோரிக்கை இதுதான். மற்றவை எல்லாம் இதற்கான காரணங்கள்.

நான் இந்த மருத்துவமனையில் 17 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அவற்றில் பெரும்பகுதி இரவுப் பணி. நெருக்கம் என்று சுற்றறிக்கை குறிப்பிடுவது எதை என்று ஓர் இரவை வைத்தே சொல்ல முடியும். பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு, தொடர்ந்து ஆறாவது இரவு. ஒரு நோயாளிக்கு இன்சுலின் ஏற்ற வேண்டியிருந்தது. கேஸ் ஷீட்டில் நான்கு என்ற எண்ணை ஒட்டி, யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யூ' எழுத்தை யாரோ அவசரத்தில் வாய் மூடினாற்போல் எழுதியிருந்தார்கள். என் கண்ணுக்கு அது சுழியமாகத் தெரிந்தது. நாற்பது யூனிட்டுக்குச் சிரிஞ்சில் மருந்தை எடுத்துவிட்டேன். சரிபார்க்க வந்த என் தோழி சிரிஞ்சைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். "நீ தூங்கிக்கொண்டே நிற்கிறாய், அதைக் கீழே வை" என்று சொல்லிவிட்டுத்தான் கேஸ் ஷீட்டை வாங்கினாள். நான் கோபித்துக்கொள்வேனோ, மேலதிகாரியிடம் போவேனோ என்ற தயக்கம் அவளுக்கு ஒரு கணமும் இல்லை. மூன்று ஆண்டுகள் அருகருகே நின்று வேலை பார்த்ததால் வந்த உரிமை அது. யூனிட் என்பதை முழுச் சொல்லாகவே எழுத வேண்டும், ஒற்றை எழுத்தால் குறிக்கக் கூடாது என்று மருந்துப் பாதுகாப்பு விதிகள் இன்று வற்புறுத்துகின்றன. எங்கள் பயிற்சி வகுப்புகளிலும் அதைச் சொல்லித் தருகிறீர்கள். ஆனால் அன்றிரவு அந்த நோயாளியைக் காப்பாற்றியது, என் முகத்தை அறிந்த ஒருத்தி எனக்கு அருகில் இருந்தது.

இன்சுலினையும் அதைப் போன்ற ஆபத்தான மருந்துகளையும் இருவர் தனித்தனியே சரிபார்த்த பிறகே செலுத்த வேண்டும் என்பது நம் மருத்துவமனையின் விதி. அந்த விதிக்கு உயிர் இருக்க வேண்டுமானால், இரண்டாமவர் முதலாமவரிடம் "இது தவறு" என்று சொல்லத் துணிந்தவராக இருக்க வேண்டும். நேற்று வந்து நாளை மறுநாள் வேறு வார்டுக்குப் போகப்போகிறவர், தன்னைவிடப் பத்து ஆண்டு மூத்தவரிடம் நள்ளிரவில் அப்படிச் சொல்வாரா? பெரும்பாலும் கையெழுத்திடுவார், அவ்வளவுதான். பதிவேட்டில் இரண்டு கையெழுத்துகள் இருக்கும். தணிக்கையின்போது அது தங்களுக்கு நிறைவாகவும் தோன்றும். ஆனால் உண்மையில் சரிபார்த்தவர் ஒருவர்தான்.

இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். எங்கள் வார்டில் பயிற்சி முடித்துச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஓர் இளம் செவிலியர், புதிய ஆணையின்படி வேறு மாடிக்கு மாற்றப்பட்டார். எங்களோடு இருந்தபோது முதல் சில வாரங்கள் எல்லோரையும் "சிஸ்டர்" என்றே அழைத்தவர், மூன்றாம் மாதம் என்னை "அக்கா" என்று அழைக்கத் தொடங்கினார். அந்த ஒரு சொல் மாறிய பிறகுதான் அவர் கேள்வி கேட்கவும் தொடங்கினார் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளில் பத்து முறையாவது, "அக்கா, இது சரியா?" என்று வருவார். புதிய வார்டில் அவருடன் அமர்த்தப்பட்டவரும் அந்த வாரம்தான் அங்கே மாற்றலாகி வந்தவர். இருவரும் ஒருவரையொருவர் "சிஸ்டர்" என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். மூன்றாம் இரவு, பத்து மணிக்குச் செலுத்த வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஒன்று விடுபட்டுப்போனதை நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத்தான் அந்தப் பெண் கண்டார். மருந்தைச் செலுத்திவிட்டார். ஆனால் மூன்று மணி நேரத் தாமதத்தை யாரிடம் சொல்வது, மருத்துவரை எழுப்பலாமா, கேஸ் ஷீட்டில் எந்த நேரத்தை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு வைத்திருந்தார்.

காலையில் பணி முடிந்து நான் இறங்கி வந்தபோது மாடிப்படியின் திருப்பத்தில் நின்றிருந்தார். கைப்பிடிக் கம்பியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். என்னைக் கண்டதும், "அக்கா, நான் ஒன்று மறந்துவிட்டேன்" என்றார். மேற்கொண்டு பேச முடியவில்லை. நான் அவரை அழைத்துச் சென்று பொறுப்பு மருத்துவரிடம் சொல்ல வைத்தேன். நோயாளிக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் அதே வாரம் அந்தப் பெண்ணுக்கு மெமோ வந்தது. மருந்து தாமதமானதற்கும், அதைத் தாமதமாகத் தெரிவித்ததற்கும் விளக்கம் கேட்டிருந்தீர்கள். விளக்கத்தை அவர் எழுதித் தந்துவிட்டார். அதில் எழுத முடியாத ஒன்றை நான் இங்கே எழுதுகிறேன். பழைய வார்டில் இருந்திருந்தால் அவர் ஒரு மணி ஒரு நிமிடத்துக்கே சொல்லியிருப்பார். அந்த ஐந்து மணி நேர மௌனம் அவருடைய குணத்தில் இருந்து வந்ததன்று. ஆணை உண்டாக்கிய மௌனம் அது.

தாங்கள் இதை ஒரு செவிலியரின் மனக்குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1951இல் எரிக் டிரிஸ்ட் என்ற ஆய்வாளரும், முன்பு சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பழைய முறையில் அங்கே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேலை செய்தார்கள். தன் கூட்டாளியைத் தொழிலாளியே தேர்ந்துகொண்டான். அந்தக் கூட்டு பல ஆண்டுகள் நீடித்தது. ஒருவன் அடிபட்டாலோ இறந்தாலோ அவன் குடும்பத்தை மற்றவன் பார்த்துக்கொள்வதும் உண்டு. புதிய இயந்திரங்கள் வந்தபோது அந்தச் சிறு கூட்டுகளைக் கலைத்து, நாற்பது ஐம்பது பேரை மூன்று ஷிப்டுகளாக நிறுத்தி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு வேலையை ஒதுக்கினார்கள். ஏட்டில் அது சிறப்பான ஏற்பாடு. நடைமுறையில் ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. நேரில் பார்த்திராத ஆட்கள் ஒருவர் மீது ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். வேலைக்கு வராமல் நின்றுவிடுவதும் பெருகியது. இந்த வரிகளைப் படித்தபோது எனக்குச் சுரங்கம் தோன்றவில்லை. கடந்த நான்கு வாரங்களாகக் காலை ஏழு மணிக்கு எங்கள் வார்டில் நடக்கும் ஹேண்டோவர்தான், அதாவது ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பதுதான், கண்முன் நின்றது. முன்பெல்லாம் "ஏழாம் படுக்கையில் இருப்பவர் இரவெல்லாம் தூங்கவில்லை, மகள் வரவில்லை என்று கவலைப்படுகிறார், கொஞ்சம் பேசிப் பார்" என்று சொல்லிவிட்டுப் போவோம். இப்போது கேஸ் ஷீட்டில் உள்ளதை மட்டும் படித்து ஒப்படைக்கிறோம். எழுதப்படாத எதுவும் கைமாறுவதில்லை.

தவறுகளை மறைக்கவே நட்பு உதவுகிறது என்ற எண்ணம் தங்கள் சுற்றறிக்கையில் இழையோடுகிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இணைந்து இயங்கிய பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அந்தப் பிரிவுகளில் இருந்தவர்கள் பிழையை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள் என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். அவர் ஆராய்ந்தது நட்பையல்ல, தலைமையையும் குழுவின் திறந்த மனதையும்தான் என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஓர் இளம் செவிலியருக்குப் பிழையைச் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்று தாங்களே ஒரு முறை அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நட்பால் பணியில் எந்தக் கேடும் இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். நால்வர் சேர்ந்துகொண்டு பண்டிகை விடுப்பை எல்லாம் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளாமல், அவர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன். 1931, 1932 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 14 பேர் கொண்ட ஒரு குழுவைக் கவனித்தபோது, இவ்வளவுதான் வேலை செய்வது என்று அவர்களே ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதை மீறி வேகமாக வேலை செய்பவரின் புயத்தில் குத்தி அடக்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நிர்வாகத்தின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் விடுப்புப் பட்டியலை வெளிப்படையாகத் தயாரித்தால் முதல் கேடு தீரும். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்தவரைத் துணையாக நியமித்தால் இரண்டாவதும் பெருமளவு குறையும். வருகைப் பதிவில் முறைகேடு செய்தவர்களை விசாரித்துத் தண்டிக்க ஏற்கெனவே விதிகள் இருக்கின்றன. இத்தனை வழிகள் இருக்க, யாரும் யாருக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது என்ற வழியை எதற்காகத் தேர்ந்தீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆணை வந்த அதே மாதத்தில் எங்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்திருந்தீர்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தீர்கள் என்று நம்புகிறேன். பேச வந்தவர், மனச்சுமையை நெருங்கியவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார். கூடத்தில் அறுபது பேர் இருந்தோம். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் பணியில் மரணம் அன்றாடம் வருவது. ஒரு குழந்தை இறந்த இரவுக்குப் பிறகு நாங்கள் வீட்டில் போய் எதையும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது, புரிந்தால் தாங்காது. அந்த இரவில் கூட நின்றவளோடு பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் மறுநாள் அதே வார்டுக்குள் கால் வைக்க முடியும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் உணவு இடைவேளையை மாற்றி எடுத்துக்கொண்டீர்கள். 2019இல் உலக சுகாதார அமைப்பு பணிச் சோர்வை வரையறுத்தபோது, உடல் மனக் களைப்போடு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவதையும் அதன் அடையாளமாகச் சொன்னது. அந்த விலகலை என்னோடு பணிபுரிபவர்களின் முகங்களில் நான்கு வாரங்களாகப் பார்த்துவருகிறேன். இருவர் வேறு மருத்துவமனைக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். அவர்கள் ஊதியத்துக்காகப் போகவில்லை.

என் சொற்களில் எங்கேனும் கடுமை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்களை எதிர்த்து நிற்பது என் நோக்கமன்று. இந்த மருத்துவமனைதான் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது, வாழ்வும் கொடுத்தது. ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: பிரித்து அமர்த்தும் ஆணையைத் திரும்பப் பெறுங்கள். முழுமையாகத் திரும்பப் பெற இயலாது என்று கருதினால், குறைந்தபட்சம் இரவுப் பணியிலாவது ஒவ்வொரு வார்டிலும் ஒருவரையொருவர் நன்கு அறிந்த இருவர் சேர்ந்திருக்கும்படி பட்டியலை அமையுங்கள். ஓராண்டு நிறைவடையாத செவிலியர்களை மாதந்தோறும் மாற்றுவதை நிறுத்துங்கள். உணவு இடைவேளையைப் பழையபடி விடுங்கள். அந்த இளம் செவிலியருக்குக் கொடுத்த மெமோவை அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதத்திற்கான பணிப் பட்டியல் 25ஆம் தேதி வெளியாகும். அதற்கு முன் எங்களில் நான்கைந்து பேரை அழைத்து அரை மணி நேரம் பேசினால்கூடப் போதும். இரவுப் பணி முடிந்து எந்த நாள் காலையிலும் வரக் காத்திருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
17 ஆண்டுகளாக இங்கே பணியாற்றிவரும் ஒரு செவிலியர்