கல்லூரி வில்வித்தை முன்னாள் மாணவர் சங்கம், காரைக்குடி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. விஜயதசமியான மகர்நோன்பன்று சுவாமி பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு போட்ட பின்னர், வழக்கம்போல் வில்களுக்குப் பூசை செய்தோம். கோடைப் பயிற்சி முகாம் பத்து நாள்கள் நடைபெற்றது.

நம் கல்லூரியில் வில்வித்தை கற்பித்தவர்களின் வரலாற்றைத் தொகுக்கும் பணி சென்ற பொதுக்குழுவில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய விளையாட்டுப் பதிவேடு எடைக்குப் போட்ட தாள்களோடு போய்விட்டதால், தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று மூத்த உறுப்பினர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று கேட்டு எழுதினேன். பணி தாமதமானதாகச் சிலர் குறைப்பட்டதை அறிவேன். நான் கடிதம் எழுதிய பன்னிருவரில் நால்வரே பதில் அளித்தனர் என்பதையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது.

முதலில் நம் கையில் வில்லைக் கொடுத்தவர் உடற்கல்வி ஆசிரியர். 1972இல் மியூனிக்கில் வில்வித்தை மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்று, மறு ஆண்டு இந்திய வில்வித்தைச் சங்கம் தோன்றிய பின்னரும், நம் பக்கத்தில் வில் என்றால் கோயில் திருவிழாதான் நினைவுக்கு வரும். அவர் மூங்கில் வில்லையும் வைக்கோல் பிரி சுற்றிய இலக்கையும் கொண்டு 30 மீட்டரில் தொடங்கினார். பின்னால் எழுப்பிய செம்மண் கரையில் புதைந்த அம்புகளைத் தேடி எடுக்காமல் எவரும் வீட்டுக்குப் போக அவர் விட்டதில்லை. 1992இல் இந்திய வில்வித்தை வீரர் லிம்பா ராம் பெய்ஜிங்கில் 30 மீட்டர் பிரிவில் 360க்கு 358 புள்ளிகள் எடுத்த செய்தியை அவர் அறைக் கதவில் ஒட்டிவைத்திருந்ததை மூவர் தனித்தனியே கூறினர்.

அடுத்து வந்தவர், முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லை அறிமுகப்படுத்தினார். 70 மீட்டர் தொலைவில் 122 செ.மீ. இலக்கு, அதில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 12.2 செ.மீ. நாண் முகவாயில் ஒரே இடத்தில் படும் வரை, மாதக்கணக்கில் ஐந்து மீட்டரிலேயே எய்ய வைத்தார். அப்போது சலித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானபோது அதன் பயன் விளங்கியது.

மூன்றாமவர் நம் முன்னாள் மாணவி. மாணவிகள் களத்துக்கு வரத் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் மதிப்பூதியத்தில், தேய்ந்த நாண்களைத் தம் செலவிலேயே மாற்றிக்கொண்டு பணியாற்றினார். மதிப்பூதியம் நின்றதும் அவர் விலக நேர்ந்தது. அன்று நம் சங்கம் முன்வந்திருந்தால் அவர் சென்றிருக்க மாட்டார் என்பதே என் உறுதியான எண்ணம். அவருக்குப் பின் பயிற்சியாளர் இல்லை. இலக்குகள் கிடங்கில் கிடக்கின்றன.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. முகாம் செலவு போகச் சிறு தொகையே கையிருப்பு. சந்தா செலுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முன்னோர்க்கு இடும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் தவறாது ஊர் வரும் உறுப்பினர்கள், இரண்டு தெரு தள்ளி நடக்கும் இக்கூட்டத்துக்கு வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கூட்ட இடம் அளித்த கல்லூரி நிர்வாகத்துக்கும் முகாமில் உதவிய மாணவர்களுக்கும் நன்றி.

அந்த மூன்றாம் பயிற்சியாளர் இப்போது காரைக்குடியில்தான் வசிக்கிறார். மாலை வேளைகளில் வரச் சம்மதம் தெரிவித்துள்ளார். மதிப்பூதியத்தை மட்டும் சங்கம் ஓராண்டுக்கு உறுதி செய்ய வேண்டும் என்கிறார். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் முன் திண்ணையில் இருப்பார்.

செயலாளர்