நின்றாரா, நிறுத்தினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த மாணவர் இணைப்பில், மூன்றாம் பக்கத்து ஆங்கிலப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். ‘ஹி ஸ்டாப்டு டு டிரிங்க் டீ’ என்று ஒரு வாக்கியம். அதற்கு நேரே, ‘அவர் தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்’ என்று தமிழில் பொருள். அச்சுப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினேன். கீழே பயிற்சியைப் பார்த்தால் அதே அச்சில் வார்த்த இன்னும் ஐந்து வாக்கியங்கள். ஒரே பிழை ஆறு முறை வரிசையாக வந்தால் அதை அச்சகத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

தங்களுக்குத் தெரியாததில்லை. அந்த ஆங்கில வாக்கியத்தில் வரும் மனிதர் தேநீரை விடவில்லை. போகிற வழியில் கடையைப் பார்த்ததும், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருக்கிறார். விட்டுவிட்டார் என்றால் ‘ஹி ஸ்டாப்டு டிரிங்கிங் டீ’ என்று இருக்கவேண்டும். பத்திரிகை ஆசிரியருக்கு இதை விளக்கிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் தங்கள் அலுவலகத்தில் அச்சுக்குப் போகுமுன் இந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் பார்த்திருப்பார் அல்லவா, அவருக்காகச் சொல்கிறேன்.

எதிர்வீட்டுப் பையன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். புதன்கிழமைகளில் மாலை நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வருவான். இந்த வாரம் அந்தப் பாடத்தைக் கத்தரித்து, நோட்டில் பசை தடவி ஒட்டி, ஆறு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். தவறு என்றேன். அவன் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே, தாத்தா” என்றான். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். தங்கள் நாளிதழின் கால் பக்கத்துக்கு முன்னால் என் 31 ஆண்டுகள் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அந்தப் பயிற்சியில் இன்னொன்றும் இருந்தது. மழை எங்களை விளையாட விடாமல் தடுத்தது என்பதற்கு, ‘தி ரெயின் ஸ்டாப்டு அஸ் டு ப்ளே’ என்று விடை. அங்கே ‘ஃப்ரம் ப்ளேயிங்’ என்று வரவேண்டும். வெறுமனே ‘ஸ்டாப்டு அஸ் ப்ளேயிங்’ என்று எழுதினாலும் நான் மதிப்பெண் கொடுப்பேன். ‘டு ப்ளே’ என்று எழுதினால் கொடுக்கமாட்டேன். அதோடு, ‘ஸ்டாப்’, ‘சீஸ்’, ‘ஹால்ட்’ மூன்றும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டம் கட்டி அறிவுரை வேறு. ‘சீஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘டு’ தாராளமாக வரும். ‘இட் சீஸ்டு டு எக்ஸிஸ்ட்’ என்றால் இல்லாமல் போயிற்று என்று பொருள். அதே இடத்தில் ‘ஸ்டாப்டு டு எக்ஸிஸ்ட்’ என்று போட்டால், உயிரோடு இருப்பதற்காக ஓரமாக நின்றது என்று ஆகிவிடும். ‘ஹால்ட்’ எப்படிப்பட்ட சொல் என்று அந்தப் பகுதியை எழுதுகிறவருக்குத் தெரியவேண்டுமானால் எங்கள் பக்கம் வந்து ‘நைட் ஹால்ட்’ பஸ்ஸின் நடத்துநரைக் கேட்கட்டும். அவர் சரியாகச் சொல்வார்.

பஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. இதே பகுதியில் சில மாதங்களுக்கு முன், நம் மக்கள் ‘பஸ் ஸ்டாப்’ என்று சொல்லாமல் ‘பஸ் ஸ்டாப்பிங்’ என்று சொல்வதை எள்ளி நகையாடியிருந்தார்கள். “அடுத்த ஸ்டாப்பிங்கில் இறக்கிவிடுங்கள்” என்று கேட்கும் கிழவியைக் கேலிச்சித்திரமாகவும் வரைந்திருந்தார்கள். அந்தக் கிழவி ஆங்கிலம் பேசவில்லை ஐயா. தமிழ் பேசுகிறாள். ஸ்டாப்பிங் என்பது தமிழில் வந்து குடியேறி, பட்டா வாங்கிவிட்ட சொல். பிரிட்டிஷ்காரர்களே எல்லா நிலையத்திலும் நின்று போகிற வண்டியை ‘ஸ்டாப்பிங் டிரெயின்’ என்பார்கள். ஆக, கிழவி தேவையில்லாமல் ‘இங்’ ஒட்டினாள் என்று சிரித்தவருக்கு, ‘இங்’ கட்டாயம் வேண்டிய இடம் வந்தபோது அதைப் போடத் தெரியவில்லை.

இதை அப்போதே எழுதினேன். முழுத்தாளில் இரண்டு பக்கம். தாங்கள் நான்கு வரி வெளியிட்டீர்கள். நான்காவது வரி ‘ஆனால்’ என்ற சொல்லோடு நின்றிருந்தது. முற்றுப்புள்ளிகூட இல்லை. அந்தக் காலத்துத் தந்தியில் புள்ளி கண்ணில் படாமல் போய்விடும் என்று அந்த இடத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுத்திலேயே எழுதுவார்கள். அந்த அளவுக்காவது தாங்கள் செய்திருக்கலாம். (தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இல்லை, நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் சரி.) போதாக்குறைக்குக் கடிதத்தின் அடியில் என் ஊரைக் காட்டுமன்னார்கோவில் என்று போட்டீர்கள். நான் மன்னார்குடிக்காரன். 31 ஆண்டு ஊழியத்தில் அரசாங்கம்கூட என்னை மாவட்டம் தாண்டி மாற்றியதில்லை.

அதற்கும் முன்பு, இந்த இணைப்பு எட்டுப் பக்கமாக இருந்த நாளில், ஆங்கிலப் பகுதியை நான் இலவசமாக எழுதித் தருகிறேன் என்று பதிவுத் தபாலில் எழுதியிருந்தேன். ஒப்புகை அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அந்த விருப்பம் இப்போது எனக்கு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று இணைப்பு நான்கு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் பயிற்சி நிலையங்களின் விளம்பரம். விலையை மட்டும் ஏற்றினீர்கள்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா என்று தாங்கள் நினைக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. 1996 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்புக்கு, வீட்டில் நடந்த ஒரு நல்ல செய்தியைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த பெண், ‘மை ஃபாதர் ஸ்டாப்டு டு டிரிங்க்’ என்று தொடங்கியிருந்தாள். எனக்கு அன்று என்ன உற்சாகமோ, வகுப்புக்கே உரக்கப் படித்துக் காட்டி, “குடிக்கிறதற்காக நின்றாரா? எந்தக் கடையில் நின்றார்?” என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் டெஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆசிரியர் அறையில் தமிழாசிரியை சொல்லித்தான் தெரிந்தது, அவளுடைய தந்தை உண்மையாகவே எட்டு மாதமாகக் குடியைத் தொடவில்லை. பத்து வரியில் மிச்சம் ஒன்பது வரியையும் நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். அவர் சம்பளத்தை வீட்டில் கொடுத்தது, தம்பிக்குச் செருப்பு வாங்கியது எல்லாம் இருந்தது. இலக்கணப்படி நான் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. வகுப்பிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் “பரவாயில்லை சார்” என்றாள். பிறகு அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பின்னர்தான் இந்தச் சொல்லைக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை மிரட்டுவதை விட்டேன். ஆங்கிலேயனிடம் ஒரே ஒரு ‘ஸ்டாப்’தான் இருக்கிறது. மழை நின்றாலும் அதுதான், வண்டியை நிறுத்தினாலும் அதுதான். நம்மிடம் நில் என்று தன்வினை ஒன்று, நிறுத்து என்று பிறவினை ஒன்று, இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. ‘குடிக்க நின்றார்’ என்பதில் உள்ள ‘குடிக்க’தான் அவனுடைய ‘டு டிரிங்க்’. ‘குடிப்பதை நிறுத்தினார்’ என்பதில் உள்ள ‘குடிப்பது’தான் அவனுடைய ‘டிரிங்கிங்’. எந்தப் பிள்ளை தடுமாறினாலும், “நின்றாரா, நிறுத்தினாரா?” என்று தமிழில் கேட்பேன். நின்றார் என்று பதில் வந்தால் ‘டு’. நிறுத்தினார் என்று வந்தால் ‘இங்’. ஆங்கில எழுத்துக்கூட்டத் திணறுகிற பையனும் இந்த ஒன்றில் தவறமாட்டான். வீட்டில் பேசும் மொழியே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது.

அதனால்தான் தங்கள் பாடத்தைப் பார்த்து எனக்கு ஆறவில்லை. ஆங்கிலம் தெரியாமல் நேர்ந்த பிழை என்றால் பொறுத்துக்கொள்வேன். அது நம் தாய்மொழி அல்லவே. ‘குடிப்பதை நிறுத்திவிட்டார்’ என்று தமிழிலும் தாமே எழுதி வைத்துக்கொண்டு, கை தானாகப் போட்டிருக்கவேண்டிய ‘இங்’கைப் போடாமல் விட்டிருக்கிறார் என்றால், அவர் எழுதிய தமிழையே அவர் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் செவ்வாய்க்கிழமை இணைப்பில், அதே மூன்றாம் பக்கத்தில், பாடம் அச்சான அதே எழுத்தளவில், ஆறு வாக்கியங்களையும் திருத்தி வெளியிடுங்கள். மழை வாக்கியத்தையும் சேர்த்து ஏழு. இடம் போதாது என்றால் கட்டம் கட்டிய அந்த அறிவுரையை எடுத்துவிடலாம். சென்ற முறை மாவட்டத் தலைநகர் ஒன்றின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டு, ராசிபலனுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி வருத்தம் தெரிவித்தீர்களே, அந்த இடம் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ராசிபலன் படிப்பதில்லை. படித்தாலும் சிம்ம ராசிக்குக் கீழே பார்ப்பதில்லை.

இந்தக் கடிதத்தை வெளியிடவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. வெளியிட்டால் முழுதாக வெளியிடுங்கள். நான்கு வரிதான் இடம் உண்டு என்றால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் போடுங்கள். பையன் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவான். கத்தரிக்கோலும் பசையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மன்னார்குடி.
(காட்டுமன்னார்கோவில் அல்ல.)