கயிறு பிடிக்கிற ஆளைப் பார்த்துச் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையில் வளர்ப்பு நாய்களை வாக்கிங் கூட்டிப்போகும் சேவைகள் பெருகிவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பகுதிக்கு வருகிறார்கள், மாதம் எவ்வளவு கேட்கிறார்கள், எந்த ஆப்பில் பதிவு செய்யலாம் என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கப்போகிற அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சரவணம்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பல வீடுகளில் நாய் உண்டு. கணவன், மனைவி இரண்டு பேருமே ஐடி வேலை, அதிலும் ஷிஃப்ட். அவர்களுக்கு இந்தச் சேவை தேவைதான். தேவை என்பதால்தான் ஆளைப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

தோட்டத்துச் சாளையில் வளரும் நாய் ராத்திரி முழுக்க வேலியோரம் சுற்றும், ஆட்டுப்பட்டிக்குக் காவல் கிடக்கும். அதை யாரும் நடத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் லேப்ரடாருக்கோ வெளியே போகிற அந்த அரை மணி நேரத்தில்தான் மண்ணும் மோப்பமும் கிடைக்கின்றன. அந்த நேரத்தை ஒரு வெளியாளிடம் ஒப்படைக்கும்போது முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை நாய்களைக் கூட்டிப்போவீர்கள் என்று கேளுங்கள். ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்த இரண்டு என்றால் சரி. வெவ்வேறு வீட்டு நாய்கள் நான்கை ஒரே கையில் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் உங்கள் நாயைக் கொடுக்காதீர்கள். எங்கள் குடியிருப்பில் அப்படித்தான் நடந்தது. நான்கும் ஒரு பூனையைப் பார்த்து இழுத்ததில் அந்தத் தம்பி குப்புற விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கழுத்துப்பட்டை உருவிக்கொண்டு ஓடிய ஒரு நாயை இரவுதான் கண்டுபிடித்தார்கள். அவனுக்கு நான்கு நாய்களை ஒதுக்கி அனுப்பிய நிறுவனம், ஆள் கவனக்குறைவாக இருந்துவிட்டான் என்று சொல்லி முடித்துக்கொண்டது. எனக்கு அது பொறுக்கவில்லை.

உங்கள் கட்டுரை ஆப்பில் வரும் வரைபடத்தைப் பெரிய வசதியாகச் சொல்லியிருந்தது. நாய் எந்த வழியாகப் போனது, எத்தனை கிலோமீட்டர் நடந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கையில் கயிற்றைப் பிடித்து நாயை வண்டியோடு ஓடவிடுகிறவர்களை நம் ஊர்த் தெருக்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. வரைபடத்தில் அதுவும் நல்ல நீளமான கோடாகத்தான் வரும். டீக்கடைத் தூணில் கட்டிவிட்டு அரட்டையடித்தாலும் அரை மணி நேரம் என்றுதான் கணக்கு காட்டும். அதனால் முதல் சில நாட்கள் நீங்களும் கூடவே நடந்து போங்கள். நாய் ஓரிடத்தில் நின்று மோந்தால் ஆள் பொறுமையாக நிற்கிறாரா, செல்போனை எடுக்கிறாரா, ரோட்டைக் கடக்கும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடிக்கிறாரா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இறுகிக்கொள்ளும் சங்கிலியைக் கொண்டுவந்து "ரெண்டு இழு இழுத்தா பழகிக்கும்" என்று சொல்கிற ஆளை அப்போதே அனுப்பிவிடுங்கள். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதிகளுக்குக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பதே மூச்சுக்குழலுக்குக் கெடுதல். மார்போடு சுற்றிப் பூட்டும் ஹார்னஸ்தான் அவற்றுக்கு நல்லது.

அப்புறம் நேரம். ஓர் ஆளுக்குக் காலையில் ஆறேழு வீடுகள் இருந்தால், கடைசி வீட்டு நாய் ஒன்பதரை மணி வெயிலில்தான் ரோட்டுக்கு வரும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்குச் சப்பையான பக், ஷிட்சூ, புல்டாக் போன்றவற்றுக்கு அதுவும் சரியாக முடியாது. பங்குனி, சித்திரையில் தார் ரோட்டின் மேல் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும். கோடையில் காலை ஏழு மணிக்குள், மாலை ஆறரைக்கு மேல் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். நம் வீடு அவருடைய வரிசையில் எத்தனையாவது என்றும் கேளுங்கள். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வடிந்து, நாய் தள்ளாடினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தடுப்பூசிகள் முடியாத குட்டியை வெளியே அனுப்பவே வேண்டாம். குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக்கழிச்சலும் வரவைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். பல வீடுகளுக்குப் போகிற ஆள் என்பதால், நம் வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கை கழுவச் சொல்வதில் தப்பே இல்லை. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரை நாய் குடிக்கவிடக் கூடாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், நாயிடமிருந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றலாம்.

தெருநாய்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கென்று ஒரு கூட்டம் இருக்கும், புதிதாக வரும் நாயைப் பார்த்தால் குரைத்துக்கொண்டு வரும். நல்ல ஆளுக்கு எந்த முக்கில் எத்தனை நாய்கள் படுத்திருக்கும் என்பது தெரிந்திருக்கும், முன்கூட்டியே வழியை மாற்றிக்கொள்வார். அவர் ஓட மாட்டார், கல்லெடுக்க மாட்டார், கயிற்றை இழுத்துப் பிடித்து நம் நாயை மிரளவைக்கவும் மாட்டார்.

கயிறு ஊழியர் கையில் இருக்கும்போது நம் நாய் யாரையாவது கடித்துவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. மாதம் சில ஆயிரம் சம்பளம் வாங்கும் பையன் தலையில் அந்தப் பாரம் மொத்தமும் விழுவது நியாயமில்லை.

அந்தப் பையனின் உயிரும் நம் கவலையாக இருக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தென்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. நாய்களோடு புழங்கும் வேலையில் இருப்பவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஒன்று, 7-ஆம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ஆம் நாள் ஒன்று என மூன்று ஊசிகள். இதைப் போட்டிருந்தால் பிற்பாடு கடிபட்டாலும் இரண்டு ஊசிகளே போதும். அப்போதும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். உங்கள் ஊழியர்களுக்கு இந்த ஊசி போட்டிருக்கிறீர்களா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். தன்னிடம் வேலை செய்கிறவனைக் காப்பாற்றாத நிறுவனம் நம் வீட்டு நாயைக் காப்பாற்றும் என்று எதை வைத்து நம்புவது?

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் முதலாளிகளோடு, விடிகாலையில் வீடு வீடாக ஏறி இறங்கும் இந்த இளைஞர்களையும் தயவுசெய்து பேசவையுங்கள். அவர்களுக்கு எத்தனை வீடுகள் ஒதுக்குகிறார்கள், கையில் என்ன சம்பளம் வருகிறது, கடிபட்டால் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
சரவணம்பட்டி, கோவை.